நம்மிடம் ஓடுகிற கம்போனன்ட் சோதனைக் கருவி அடுத்தவரிடம் ஏன் ஓடுவதில்லை

கேள்வி: கல்முனையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து இணையத்தளங்கள் செய்கிறோம். ரியாக்ட் நூலகத்தில் எழுதிய 60 கம்போனன்ட்கள் (பொத்தான், பெட்டி போன்ற திரைத் துண்டுகள்) ஸ்டோரிபுக்கில் இருக்கின்றன; அது ஒவ்வொரு கம்போனன்டையும் தனியே காட்டிப் பார்க்கிற கருவி. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அவை ஒழுங்காக வரவேண்டும். ஸ்டோரிபுக் டெஸ்ட் ரன்னருக்கு மேலே சின்னதாக ஒரு கட்டளைவரிக் கருவி எழுதி, எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் சோதிக்கிறோம். எங்களிடம் ஓடுகிறது. மட்டக்களப்பில் இருக்கிற நண்பரிடம் கொடுத்தால் ஓடவில்லை. என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் பொதுக் களஞ்சியம்) வெளியிடவும் விருப்பம். எங்கே பிழை, எப்படி வெளியிடுவது?

பதில்: பிழை உங்கள் கோடில் இருப்பதைவிட, அதைச் சோதித்த இடத்தில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நீங்கள் சோதித்தது உங்கள் ஃபோல்டரை. நண்பருக்குப் போய்ச் சேர்ந்தது பொதி, அதாவது நிறுவுவதற்காகக் கட்டி அனுப்பிய கோப்புத் தொகுப்பு. இரண்டும் ஒன்றல்ல. உங்கள் ஃபோல்டரில் எல்லா நூலகமும், இறக்கி வைத்த பிரௌசரும், கட்டி முடித்த 'டிஸ்ட்' ஃபோல்டரும் ஏற்கெனவே இருக்கின்றன. பொதியில் எது போனது என்று யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் கருவியை ஓட்டுகிற பக்கம். (கட்டளைகளை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், அந்தந்தக் கருவியின் ஆவணத்தில் உள்ள பெரிய, சிறிய எழுத்துப்படியே தட்டுங்கள்.)

டெஸ்ட் ரன்னர் என்ன செய்கிறது என்பது தெளிவாக இருக்கவேண்டும். வழக்கமாக உங்கள் ஸ்டோரிக் கோப்புகளிலிருந்து (ஸ்டோரி என்பது கம்போனன்டின் ஒரு நிலை) சோதனைகளை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கிற ஸ்டோரிபுக்கில் ஒவ்வொன்றையும் பிளேரைட் (பிரௌசரைத் தானாக இயக்கும் நூலகம்) இயக்கும் உண்மையான பிரௌசரில் திறக்கிறது. ஸ்டோரி வரையப்படும்போது பிழை எறிந்தால், அல்லது அதன் 'பிளே' ஃபங்ஷனில் உள்ள சரிபார்ப்பு தவறினால் சிவப்பு. இவ்வளவுதான். பொத்தானில் எழுத்து வெட்டுப்பட்டு நின்றாலும், பிழை எறியாதவரை பச்சைதான் வரும். தோற்றத்தையும் பார்க்கவேண்டுமானால் படம் எடுத்து ஒப்பிடுகிற படியை நீங்கள்தான் சேர்க்கவேண்டும். உங்கள் திட்டம் வைட் என்ற கட்டும் கருவியின் அடிப்படையிலானது என்றால், ஸ்டோரிபுக் இப்போது முன்வைக்கிற வழி விட்டெஸ்ட் என்ற சோதனைக் கருவியின் ஆடொன்தான். அப்படியானால் சொந்தக் கருவி தேவையா என்பதை ஒருமுறை யோசியுங்கள். மூன்று மொழி ஓட்டம் மட்டுமே உங்கள் தேவை என்றால் அது பத்து வரி அமைப்பிலேயே முடியக்கூடும்.

ஸ்டோரிபுக் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வழக்கமான போர்ட் 6006. சிஐயில் (கோடை அனுப்பும்போதெல்லாம் தானாகச் சோதனை ஓட்டும் இயந்திரம்) டெவலப்மென்ட் சேவரை ஓட்டாதீர்கள். 'பில்ட்-ஸ்டோரிபுக்' மூலம் நிலையான கோப்புகளைக் கட்டி, 'எச்டிடிபி-சேவர்' கொண்டு பரிமாறி, 'வெயிட்-ஆன்' மூலம் போர்ட் திறக்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகு 'டெஸ்ட்-ஸ்டோரிபுக்'. இவற்றைக் 'கன்கரன்ட்லி' மூலம் சேர்த்து ஓட்டும்போது '-கே -எஸ் ஃபர்ஸ்ட்' என்ற இரண்டு தெரிவுகளும் வேண்டும். முதலாவது, சோதனை முடிந்ததும் சேவரைக் கொல்கிறது. இரண்டாவது, முதலில் முடிந்த வேலையின் எக்ஸிட் கோடையே (நிரல் முடியும்போது திருப்பும் எண், 0 என்றால் வெற்றி) இறுதி விடையாக எடுக்கிறது. இரண்டாவதை விட்டால், கொல்லப்பட்ட சேவர் தோல்வி என்று எண்ணப்பட்டு, எல்லாச் சோதனையும் தேறியிருந்தும் சிஐ சிவப்பாக நிற்கும்.

8 ஜிபி நினைவகம் உள்ள மடிகணினியில் சோதனைகள் ஒருநாள் தேறி மறுநாள் நேரம் கடந்து விழுந்தால், கம்போனன்டைச் சந்தேகிக்கும் முன் '--மேக்ஸ்வொர்க்கர்ஸ்=2' போட்டுப் பாருங்கள். டெஸ்ட் ரன்னருக்கு உள்ளே ஓடுகிற ஜெஸ்ட் வழக்கமாக உங்கள் சிபியு கோர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வேலையாட்களை (ஒரே நேரத்தில் சோதனை ஓட்டும் செயல்முறைகள்) திறக்கும். ஒவ்வொன்றும் பிரௌசரோடு மல்லுக்கட்டினால் நேர எல்லை தாண்டத்தான் செய்யும்.

பிரௌசர் இறக்குவதில் டேட்டா நிறையப் போகும். 'பிளேரைட் இன்ஸ்டால்' என்று மட்டும் அடித்தால் குரோமியம், ஃபயர்ஃபொக்ஸ், வெப்கிட் மூன்றும் வரும், நூற்றுக்கணக்கான எம்பி. 'பிளேரைட் இன்ஸ்டால் குரோமியம்' என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். ஒரே அறையில் பல கணினி இருந்தால் 'பிளேரைட் பிரௌசர்ஸ் பாத்' என்ற சூழல் மாறியைக் காட்டி ஒருமுறை இறக்கிய ஃபோல்டரை மற்றக் கணினிகளுக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். இயங்குதளமும் பிளேரைட் பதிப்பும் ஒன்றாக இருக்கவேண்டும். பிளேரைட்டின் ஒவ்வொரு பதிப்பும் தனக்கென்று குறித்த பிரௌசர் கட்டுமானத்தைத்தான் தேடும்.

இனி, தமிழில் சோதிப்பது. உங்கள் கருவிக்கு உண்மையான பெறுமதி இதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப் பெயரை எடுங்கள். கண்ணுக்கு எட்டு எழுத்து: கொ, க், க, ட், டி, ச், சோ, லை. ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' 15 என்று சொல்லும். அதே பெயரில் 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக எழுதி, 'சோ'வையும் அப்படியே எழுதியிருந்தால் 17 வரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் எழுத்தைக் கொண்டு உறுப்பைத் தேடும் 'கெட்பைடெக்ஸ்ட்' ஒன்றைத் தேடி மற்றதைக் கண்டால் 'இல்லை' என்று சொல்லிவிடும். சோதனைத் தரவையும் கம்போனன்டின் எழுத்தையும் ஒப்பிடுமுன் இரண்டையும் 'நோர்மலைஸ்' மூலம் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுத்தை எண்ணவோ வெட்டவோ வேண்டிய இடத்தில் 'இன்டில்.செக்மென்டர்' பாவியுங்கள், அது எட்டு என்றே சொல்லும். 'ஸ்லைஸ்' கொண்டு வெட்டினால் புள்ளியோ விசிறியோ தனியே கழன்று, புள்ளிவட்டத்தோடு அடுத்த வரியில் நிற்கும்.

என்எஃப்சி தீர்க்காத இரண்டு சிக்கல்கள் நம் பகுதியில் அடிக்கடி வரும். மௌலவி என்ற சொல்லை 'ம'வோடு ஔகாரக் குறி சேர்த்து எழுதுவோரும் உண்டு. ஒற்றைக் கொம்பு போட்ட 'மெ'க்குப் பின்னால் 'ள' எழுத்தை வைப்போரும் உண்டு. பார்வைக்கு ஒன்று, யூனிகோடுக்கு இரண்டு வேறு சொற்கள். ஸ்ரீ மாமாங்கேஸ்வரர் ஆலயம் என்று தேடும்போதும் இதே கதை: 'ஸ்ரீ' ஸகரத்தாலும் எழுதப்படும், ஶகரத்தாலும் எழுதப்படும், பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டும். தேடல் பெட்டி, பெயர்ப் பட்டியல் போன்ற கம்போனன்ட்களுக்கு இரண்டு வடிவத்தையும் தரவாகக் கொடுத்து ஒவ்வொரு ஸ்டோரி எழுதுங்கள். சிங்களப் பக்கத்தில் எதிர்மாறான கவனம் வேண்டும். அங்கே கூட்டெழுத்துகளுக்கு நடுவே அகலமற்ற இணைப்புக் குறி ஒன்று இருக்கும். 'கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை நீக்கு' என்று நீங்கள் எழுதிய துப்புரவு ஃபங்ஷன் அதையும் துடைத்து எழுத்தைப் பிரித்துவிடும்.

அகலத்தைச் சோதிக்க 'லோரம் இப்சம்' வேண்டாம். பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களே போதும். 'மண்முனை தென் எருவில் பற்று', 'கோறளைப்பற்று வடக்கு' இரண்டும் 320 பிக்சல் அகலத் திரையில் ஒரு தெரிவுப் பெட்டிக்குள் அடங்கினால் மற்றவையும் பெரும்பாலும் அடங்கும். 'நாவிதன்வெளி', 'சம்மாந்துறை' போல இடைவெளியே இல்லாத நீண்ட சொல் ஒடுங்கிய அட்டைக்குள் எங்கே முறிகிறது என்பதையும் பாருங்கள்.

படம் ஒப்பிடும் சோதனை உங்கள் விண்டோஸில் தேறி, லினக்ஸ் சிஐயில் விழுவதற்கு முதற்காரணம் எழுத்துரு. தமிழுக்கு நல்ல எழுத்துரு இல்லாத இயந்திரம் கிடைத்ததைக் கொண்டு வரையும். சில வேளை வெறும் பெட்டிகளாகவும் வரும். உபுண்டுவில் 'ஃபொன்ட்ஸ்-நோட்டோ-கோர்' பொதியில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது. அதைவிட உறுதியான வழி, எழுத்துருவைத் திட்டத்தோடு வெப்ஃபொன்டாகவே சேர்த்து, படம் எடுக்குமுன் 'டொகுமென்ட்.ஃபொன்ட்ஸ்.ரெடி' முடியும்வரை காத்திருப்பது. இதை டெஸ்ட் ரன்னரின் 'போஸ்ட்விசிட்' கொக்கியில் (ஒவ்வொரு ஸ்டோரியும் திறந்தபின் ஓடும் இடம்) வையுங்கள். அப்படிச் செய்தாலும் இரண்டு இயங்குதளங்களும் எழுத்தின் ஓரத்தை வேறுவிதமாகத்தான் வழுவழுப்பாக்கும். ஆகவே மூலப் படங்களை லினக்ஸ் கொன்டெயினர் ஒன்றில் மட்டும் எடுங்கள். யாருடைய மடிகணினியில் எடுத்த படமும் ரெப்போவுக்குள் (கோட் களஞ்சியம்) போகக்கூடாது. ஒப்பீட்டின் சகிப்பு அளவைக் கூட்டி இதைச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. புள்ளி ஒன்று தொலைந்தாலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அது கொண்டுபோய் விடும். 'க' வேறு, 'க்' வேறு. அந்த வேறுபாடு சில பிக்சல்கள்தான்.

திகதித் தெரிவுக் கம்போனன்ட் இருந்தால் நேரவலயத்தையும் பாருங்கள். ஏப்ரல் 14ஐ ஒருவர் தெரிவு செய்கிறார். கம்போனன்ட் உள்ளூர் நள்ளிரவை எடுத்து 'டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்' மூலம் எழுதினால், இலங்கையில் அது யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி 13ஆம் திகதி 18:30 ஆகிவிடும். சேமிக்கப்படுவது 13. சிஐ இயந்திரம் வழக்கமாக யூடிசியில் ஓடுவதால் அங்கே பச்சை காட்டும், பிழை இங்கிருக்கிற பாவனையாளருக்கு மட்டும் வரும். பிளேரைட் சூழல் அமைப்பில் 'டைம்ஸோன்ஐடி'யை ஏசியா/கொழும்பு என்று வைத்தே சோதியுங்கள்.

இனி, நண்பரிடம் ஏன் ஓடவில்லை என்பது.

ஒன்று, 'டிஸ்ட்' பொதிக்குள் போகாமல் இருந்திருக்கலாம். 'பேக்கேஜ்.ஜேசனில்' 'ஃபைல்ஸ்' பட்டியலும் இல்லை, 'என்பிஎம்இக்னோர்' கோப்பும் இல்லை என்றால், என்பிஎம் 'கிட்இக்னோரை' (கிட் கண்டுகொள்ளாத கோப்புகளின் பட்டியல்) எடுத்துக்கொள்ளும். அதில் 'டிஸ்ட்' இருப்பது வழக்கம். கருவியின் உயிரே இல்லாமல் பொதி போய்விடும். 'ஃபைல்ஸ்' பட்டியலில் தேவையானதை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள், உங்கள் '.என்வ்' கோப்பும் மூலப் படங்களும் தவறிப் போய்விடாமல் காப்பதும் அதுதான். 'என்பிஎம் பேக் --டிரை-ரன்' உள்ளே போவதை வரிவரியாகக் காட்டும். ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள்.

இரண்டு, ஒரு நூலகம் 'டெவ்டிபென்டன்சீஸில்' (மேம்பாட்டுக்கு மட்டும் வேண்டியவற்றின் பட்டியல்) நின்றிருக்கலாம். உங்களிடம் நிறுவப்படும், நண்பரிடம் நிறுவப்படாது. இன்னும் நுட்பமானது: நீங்கள் அறிவிக்கவே இல்லாத ஒரு நூலகம் வேறொன்றின் சார்பாக மேலே வந்து நிற்கும், உங்கள் கோடும் அதை எடுத்துக்கொள்ளும். என்பிஎம்மில் ஓடும், பிஎன்பிஎம் என்ற மற்ற நிறுவியில் விழும். ஸ்டோரிபுக்கையும் பிளேரைட்டையும் 'பியர்டிபென்டன்சீஸில்' (பாவனையாளரின் திட்டமே தரவேண்டியவற்றின் பட்டியல்) வையுங்கள். பிளேரைட் இரண்டு பதிப்பாக வந்தால் ஒன்றுக்குப் பிரௌசர் இருக்கும், மற்றது 'இயக்கக் கோப்பு இல்லை' என்று விழும். ரியாக்ட் இரண்டு பிரதியாக வந்தால் ஹூக் அழைப்பு செல்லாது என்ற பிழை வரும்; அதைக் கம்போனன்டில் தேடினால் நாள் முழுக்கத் தேடலாம்.

மூன்று, பாதைகள். கருவியின் சொந்த அமைப்புக் கோப்பைத் தேடும்போது அது இருக்கும் இடத்திலிருந்து, அதாவது 'இம்போர்ட்.மெட்டா.யூஆர்எல்' வழியாகத் தேடவேண்டும். பாவனையாளரின் திட்டத்தைத் தேடும்போது 'புரொசெஸ்.சிடபிள்யூடி' (கட்டளை ஓட்டப்படும் ஃபோல்டர்) வழியாக. உங்கள் ரெப்போவுக்குள் நின்று ஓட்டும்போது இரண்டும் ஒரே இடம் என்பதால் பிழை ஒளிந்துகொள்ளும். பெரிய, சிறிய எழுத்து வேறுபாடும் அப்படியே: விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸ் விடாது.

நான்கு, கட்டளைக் கோப்பின் முதல் வரி. நோடை அழைக்கிற அந்த ஷெபாங் வரி இல்லாவிட்டால் விண்டோஸ் அந்தக் கோப்பைத் தன் பழைய ஸ்கிரிப்ட் இயக்கியிடம் கொடுத்து, புரியாத ஒரு பிழைப் பெட்டியைக் காட்டும். லினக்ஸ் அதை ஷெல் ஸ்கிரிப்டாக வாசிக்கப் பார்க்கும். விண்டோஸில் எழுதியதால் வரி முடிவில் சிஆர் குறி (விண்டோஸ் எல்எஃப் என்ற வரி முடிவுக் குறியோடு சேர்ப்பது) ஒட்டியிருந்தால், என்பிஎம் நிறுவும்போது முதல் வரியைத் திருத்திவிடும். ரெப்போவிலிருந்து நேரே லினக்ஸில் ஓட்டினால் திருத்த யாரும் இல்லை. 'கிட்ஆட்ரிபியூட்ஸில்' எல்எஃப் என்று உறுதி செய்துவிடுங்கள்.

ஐந்து, விண்டோஸில் பொதியின் கட்டளையை ஓட்டும் 'என்பிஎக்ஸை' உங்கள் கோடுக்குள்ளிருந்து 'ஸ்போன்' செய்வது, அதாவது தொடக்குவது. அங்கே அது ஒரு சிஎம்டி கோப்பு. 2024 ஏப்ரலில் வந்த நோட் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு (18.20.2, 20.12.2, 21.7.3) ஷெல் இல்லாமல் அப்படி ஓட்டினால் 'ஈஇன்வல்' பிழை வரும். 'ஷெல்: ட்ரூ' போட்டால் ஓடும், ஆனால் பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் சிக்கல். டெஸ்ட் ரன்னரின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பையே கண்டுபிடித்து 'புரொசெஸ்.எக்ஸெக்பாத்' மூலம் ஓட்டுவதே நல்லது.

இந்த ஐந்தில் எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. 'என்பிஎம் பேக்' அடியுங்கள்; '.டிஜிஇஸட்' கோப்பு ஒன்று வரும். ரெப்போவுக்கு வெளியே, அதன் தாய் ஃபோல்டருக்கும் வெளியே, வெறும் ஃபோல்டர் ஒன்றைத் திறந்து சின்ன ஸ்டோரிபுக் திட்டம் ஒன்றை வைத்து, அந்தக் கோப்பை 'என்பிஎம் இன்ஸ்டால்' செய்து கருவியை ஓட்டுங்கள். நண்பர் பார்த்த அதே பிழையை இப்போது நீங்களும் பார்ப்பீர்கள். 'என்பிஎம் லிங்க்' இதற்கு உதவாது. அது உங்கள் ஃபோல்டரைச் சுட்டுகிற இணைப்பு மட்டுமே. மேலே சொன்ன முதல் இரண்டு பிழைகளையும் அது மறைத்துவிடும். இந்த ஓட்டத்தைச் சிஐயில் உபுண்டு, விண்டோஸ் இரண்டிலும் வையுங்கள். நோடின் எந்தப் பதிப்பிலிருந்து ஓடும் என்று 'என்ஜின்ஸில்' எழுதுகிறீர்களோ அந்தப் பதிப்பிலும் ஓட்டுங்கள்.

எக்ஸிட் கோட் பற்றி ஒரு வார்த்தை. சோதனைக் கருவிக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு கிடையாது. எல்லாம் தேறினால் 0, சோதனை விழுந்தால் 1, கருவியே ஓட முடியாமல் போனால் (போர்ட் திறக்கவில்லை, பிரௌசர் இல்லை) 2 என்று பிரித்து வையுங்கள். ஸ்டோரி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் அது 2. ஒருபோதும் 0 ஆகக்கூடாது. பாதையில் ஓர் எழுத்துப் பிழையால் மாதக்கணக்கில் எதையுமே சோதிக்காமல் பச்சை காட்டுகிற கருவி, கருவியே இல்லாததைவிடக் கெடுதல். பிள்ளைச் செயல்முறை சிக்னலால் கொல்லப்பட்டால் அதன் கோட் 'நல்' ஆக வரும். அதை அப்படியே கடத்தினால் 0 ஆக முடியும். முடிக்கும்போது 'புரொசெஸ்.எக்ஸிட்' அழைக்காமல் 'புரொசெஸ்.எக்ஸிட்கோட்' வையுங்கள், குழாய் வழியாகப் போகிற கடைசி வரிகள் வெட்டுப்படாது. விளக்கக் குறிப்பில் இதையும் எழுதுங்கள்: கருவியின் வெளியீட்டை 'டீ' கட்டளைக்குக் குழாயிட்டால், 'பைப்ஃபெயில்' (குழாயில் ஒன்று தோற்றாலும் தோல்வி என்னும் தெரிவு) இல்லாத ஷெல்லில் தோல்வி மறைந்துவிடும். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் 'ஷெல்: பாஷ்' என்று வெளிப்படையாக எழுதினால்தான் அது இயங்கும்.

நிறுவியதும் தானாகப் பிரௌசர் இறக்குகிற 'போஸ்ட்இன்ஸ்டால்' ஸ்கிரிப்ட் வைக்காதீர்கள். மற்றவரின் டேட்டாவை அவரைக் கேளாமல் செலவழிப்பது சரியில்லை. 2025 செப்டெம்பரில் என்பிஎம்மில் புழு பரவியதும் இந்த வகை ஸ்கிரிப்ட் வழியாகத்தான் என்பதால், பலர் இப்போது அவற்றை முடக்கியே வைத்திருக்கிறார்கள். பிரௌசர் இல்லையென்றால் எந்தக் கட்டளையை அடிக்கவேண்டும் என்பதை ஒரு வரியில் சொல்லி 2ஓடு வெளியேறுங்கள்.

வெளியிடும்போது பதிப்பு எண்ணை ஒழுங்காகக் கொடுங்கள். 0.2.3க்கு முன்னால் '^' போட்டவருக்கு 0.2.9 கிடைக்கும், 0.3.0 கிடைக்காது, ஆகவே 0இல் தொடங்கும் காலத்தில் உடைக்கிற மாற்றத்தை நடு எண்ணில் காட்டுங்கள். சோதனைக் கருவியில் உடைக்கிற மாற்றம் எது? என் கணிப்பில், நேற்றுப் பச்சையாக இருந்த ஒருவரின் கட்டுமானத்தை இன்று சிவப்பாக்குகிற எதுவும் அந்த வகைதான். புதிதாக ஒரு நல்ல சரிபார்ப்பைச் சேர்த்தாலும் சரி, படம் எடுக்கிற அளவை மாற்றினாலும் சரி. புதுச் சரிபார்ப்பை முதலில் தெரிவாகக் கொடுத்து, அடுத்த பெரிய பதிப்பில் வழக்கமாக்குங்கள்.

'என்பிஎம் வெர்ஷன் மைனர்' எண்ணை உயர்த்தி, கிட் கமிட்டும் டேகும் இடும். கமிட் செய்யாத மாற்றம் இருந்தால் மறுக்கும், அது நல்லதற்கே. 'கிட் புஷ் --ஃபாலோ-டேக்ஸ்' இரண்டையும் அனுப்பும். முன்னோட்டப் பதிப்பை 'பப்ளிஷ் --டேக் நெக்ஸ்ட்' என்றே வெளியிடுங்கள். டேக் இல்லாமல் போனால் பழைய என்பிஎம் அதை 'லேட்டஸ்ட்' ஆக்கி எல்லாருக்கும் கொடுத்துவிடும். 11ஆம் பதிப்பு அனுமதிக்காது. உங்கள் குழுப் பெயரை முன்னால் வைத்த ஸ்கோப் பொதி என்றால் முதல் தடவை '--ஆக்ஸெஸ் பப்ளிக்' கட்டாயம். இல்லாவிட்டால் 402 என்று பணம் கேட்கும் பிழை வரும். காசு கட்டத் தேவையில்லை, தெரிவைச் சேர்த்தால் போதும்.

முதல் வெளியீட்டை இரட்டை உறுதிப்பாடு போட்ட கணக்கிலிருந்து கையால் செய்யுங்கள். அதன் பிறகு பொதியின் அமைப்பில் உங்கள் கிட்ஹப் ரெப்போவையும் வேலைக் கோப்பையும் நம்பகமான வெளியீட்டாளராகப் பதிந்து, வேலைக் கோப்பில் 'ஐடி-டோக்கன்: ரைட்' அனுமதி கொடுத்தால், நாலு பேரில் யாரும் டோக்கனை (வெளியிட உதவும் இரகசியச் சாவி) வைத்துக் காக்க வேண்டியதில்லை. என்பிஎம் 11.5.1 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும்.

பிழையான பதிப்பு போய்விட்டால் 'அன்பப்ளிஷ்' பக்கம் போகாதீர்கள். 72 மணித்தியாலத்துக்குள், வேறு பொதி எதுவும் அதைச் சார்ந்திராவிட்டால் நீக்கலாம். ஆனால் அந்த எண்ணை மறுபடி பாவிக்கவே முடியாது, ஏற்கெனவே பூட்டுக் கோப்பில் (நிறுவிய பதிப்பு எண்களைப் பதியும் கோப்பு) அந்த எண்ணை எழுதியவரின் நிறுவலும் உடையும். திருத்திய அடுத்த பேட்ச் பதிப்பை வெளியிட்டு, பிழையான எண்ணுக்கு 'என்பிஎம் டெப்ரிகேட்' மூலம் ஒரு வரி இடுங்கள்: என்ன பிழை, எந்தப் பதிப்புக்கு மாறவேண்டும். அந்தப் பதிப்பை நிறுவும்போது அந்த வரி திரையில் வரும். 0 கொடுக்கக்கூடாத இடத்தில் 0 கொடுத்த பதிப்பு என்றால், எந்தத் திகதியிலிருந்து வந்த பச்சையை நம்பக்கூடாது என்பதையும் அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.